ஆயத்த உணவும் நல்ல இறைச்சியும்

ஆலையிற் சமைத்துத் தட்டில் அடைத்து, குளிர்ப்படுத்தியோ பனியுறையச் செய்தோ விற்கப்படும் உணவு ஆயத்த உணவு எனப்படும். வாங்குபவர் அதனைச் சூடாக்கி உண்பதொன்றே செய்வார். மேனாடுகளிற் பேரங்காடிகளின் தட்டுக்களை நிரப்பும் இவ்வுணவு இப்பொழுது நம் நகரங்களிலும் சொசேஜ், இறைச்சியுருண்டை முதலிய உருவங்களில் விற்பனைக்கு வந்துள்ளது. இது நேரத்தை மிச்சப்படுத்துமெனினும், கொடுத்த காசுக்கு ஏற்ற உணவு கிடைக்கின்றதா என்பது வேறு வினா. விலங்கு வளர்ப்பாரும், காய்கறி விளைவிப்பாரும், சந்தையிற் பொருள் வாங்குவாருமாகிய கமக்காரர் இவ்வினாவுக்கு விடை அறிந்திருத்தல் நன்று. புலால் உண்ணாதாரும் இவ்வேட்டைப் படித்துப் பயன்பெறலாம். பொதியில் அடைத்த எவ்வுணவுக்கும் இங்குக் கூறப்படும் கணக்கும் எச்சரிக்கையும் பொருந்தும்.

1. ஆயத்த உணவு தோன்றிய வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1950களின் முற்பகுதியில் ஸ்வான்சன் என்னும் கம்பனி, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்ட அலுமினியத் தட்டில் வான்கோழியிறைச்சியும் பட்டாணியும் கிழங்கும் வைத்துப் பனியுறையச் செய்து விற்கத் தொடங்கிற்று. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து உண்ணத்தக்கது என்ற கருத்தில் அதற்குப் பெயரும் இடப்பட்டது. பிரித்தானியாவில் 1979 ஆம் ஆண்டு மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் கடைகள், வெண்ணெயும் உள்ளியும் உள்ளே வைத்த கோழியிறைச்சி உணவொன்றைப் பனியுறையச் செய்யாது குளிர்நிலையில் விற்றன. அது பெரிதும் விலைபோயிற்று. அதன் பின்னர் மைக்ரோவேவ் அடுப்பு வீடுதோறும் பரவவே, ஆயத்த உணவின் வகைகள் பெருகின.

தனியே வாழும் முதியோருக்கும், இரவு நெடுநேரம் வேலை செய்து திரும்புவோருக்கும் இவ்வுணவு உதவியாயிற்று. இதனை மறுத்தல் நியாயமன்று. ஆயினும் வாங்கியோரிற் பலர் பெட்டியைத் திறந்தவுடன் ஏமாற்றமடைவதும் உண்மை. பெட்டியின் மேலுள்ள படத்தில் இறைச்சித் துண்டுகள் நிறைந்திருக்க, உள்ளே குழம்பே மிகுதியாக இருக்கக் காண்கின்றனர். இதன் காரணங்களை முறையே ஆராய்வோம்.

2. பெட்டியில் எழுதியிருப்பதைக் கணக்கிடும் முறை

பொதி செய்த உணவின் உறையிற் சேர்பொருள்கள் நிறையின் இறங்கு வரிசையில் எழுதப்படும். முதலில் எழுதப்பட்டது மிகக் கூடியது. இறுதியில் எழுதப்பட்டது மிகக் குறைந்தது. ஆகவே "மாட்டிறைச்சி" என்பது நான்காவதாக, நீருக்கும் மாவுக்கும் தக்காளிக்கும் பின்னர் வருமாயின், பெயரில் முதலாயிருப்பது பெட்டியில் முதலாயில்லை என்று அறிக.

ஐரோப்பிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும், உணவின் பெயரிற் கூறப்பட்ட முக்கிய பொருள் நூற்றுக்கு எத்தனை பங்கு உள்ளது என்பதையும் எழுதுதல் வேண்டும். 400 கிராம் நிறையுள்ள லசானியாப் பெட்டியொன்றில் "மாட்டிறைச்சி நூற்றுக்கு 15" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 400 ஐ 15 ஆற் பெருக்கி 100 ஆற் பிரித்தால் 60 கிராம் வரும். சமைத்தபின் அது இன்னும் சுருங்கும். ஒருவருடைய வேளையுணவில் இருக்கும் இறைச்சி அவ்வளவே.

பிரித்தானியச் சட்டத்தின்படி "மாட்டிறைச்சிப் பேர்கர்" எனப் பெயரிட்டு விற்பதில் நூற்றுக்கு 62 பங்கேனும் இறைச்சி இருத்தல் வேண்டும். "சிக்கனப் பேர்கர்" எனப் பெயரிட்டால் 47 பங்கு போதும். "பன்றியிறைச்சிச் சொசேஜ்" எனின் 42 பங்கு போதும். மேலும் சட்டத்தில் "இறைச்சி" என்ற சொல்லினுள் ஓரளவு கொழுப்பும் தொடுப்பிழையமும் அடங்கும். எஞ்சியதை நீர், ரொட்டித்தூள், மாப்பொருள், சோயாப்புரதம் முதலியன நிரப்பும். இவை நஞ்சல்ல. ஆனால் இறைச்சியின் விலை கொடுத்து மாவும் நீரும் வாங்குவது சிக்கனமாகாது.

உப்பையும் நோக்குதல் வேண்டும். வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ணல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பொதிகளில் உப்பின் அளவு பெரும்பாலும் 100 கிராமுக்கு இவ்வளவு எனக் குறிக்கப்படும். 100 கிராமில் அரைக் கிராம் என்பது சிறிதாகத் தோன்றும். 400 கிராம் பெட்டி முழுவதையும் உண்பவர் 2 கிராம் உண்கின்றார். ஒரு நாளைய அளவில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே வேளையில் தீர்ந்துவிடுகின்றது.

3. சுவை குன்றுவது ஏன்?

முதலாவது காரணம், சமைத்த இறைச்சியைக் குளிரவைத்து மீண்டும் சூடாக்குதல். இறைச்சியின் செந்நிறத்துக்குக் காரணமான மயோகுளோபின் என்னும் புரதத்தில் இரும்பு உண்டு. வேகும்பொழுது இவ்விரும்பு விடுபட்டு, கொழுப்பு ஒட்சிசனோடு சேர்வதை விரைவுபடுத்தும். இதனால் ஓரிரு நாளில், பழைய அட்டையை ஒத்த ஒரு மணம் தோன்றும். கோழியிறைச்சியில் இது விரைவாகத் தோன்றும்; அதன் கொழுப்பு எளிதில் ஒட்சியேற்றமடையும் இயல்பினது. ஆலையினர் இதனை மறைத்தற்கு உப்பும் மசாலையும் மணமூட்டிகளும் சேர்ப்பர்.

இரண்டாவது காரணம், பொரிந்த மணம் இன்மை. சூடான சட்டியில் இறைச்சி பழுப்பு நிறமடையும்பொழுது புரதக்கூறுகளும் வெல்லமும் தம்முள் தாக்கமுற்று நறுமணம் பிறக்கும். இது ஏறக்குறைய 140 பாகை செல்சியசுக்கு மேலேயே விரைவாக நிகழும். ஈரமுள்ள உணவோ 100 பாகையைத் தாண்டாது. குழம்பினுள் மூழ்கிய இறைச்சியை மைக்ரோவேவ் அடுப்பில் எத்துணை நேரம் வைத்தாலும் அம்மணம் உண்டாகாது.

மூன்றாவது காரணம், இறைச்சியின் தரம். விலையை ஒரு குறித்த அளவினுள் வைத்திருக்க விரும்பும் ஆலை, குறைந்த விலை இறைச்சியையே நாடும். அதனை அரைத்தும் நறுக்கியும் நீரைப் பிடித்துவைக்கும் பொசுபேற்று உப்புக்களைச் சேர்த்தும் மென்மையாக்கும். அரைத்த இறைச்சியில் எப்பாகம் எவ்விலங்கிலிருந்து வந்தது என்பதைக் கண்ணாற் கண்டறிதல் இயலாது. இதனால் விளைந்த பெருங்கேடொன்றை அடுத்துக் கூறுவோம்.

4. 2013 ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2013 சனவரி 15 ஆம் நாள் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. கடைகளில் வாங்கிய 27 மாட்டிறைச்சிப் பேர்கர் வகைகள் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அவற்றுள் 10 இற் குதிரையின் மரபணுவும் 23 இற் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. பெரும்பாலானவற்றில் இருந்தது மிகச் சிற்றளவே. ஆனால் ஒரு மாதிரியில் குதிரையிறைச்சியின் அளவு, மாட்டிறைச்சியோடு ஒப்பிட, நூற்றுக்கு 29 பங்காயிருந்தது. இறைச்சியுள்ள ஆயத்த உணவுகள் 31 சோதிக்கப்பட்டதில் 21 இற் பன்றியின் மரபணு இருந்தது.

அடுத்த மாதம் பிரித்தானியாவில், பின்டஸ் என்னும் பெயருடன் விற்கப்பட்ட மாட்டிறைச்சி லசானியா சோதிக்கப்பட்டது. 18 மாதிரிகளுள் 11 இல் இறைச்சியின் 60 முதல் 100 பங்கு குதிரையிறைச்சியாயிருந்தது. அவ்வுணவு லக்சம்பேர்க்கில் ஓர் ஆலையிற் செய்யப்பட்டது. ஆலைக்கு இறைச்சியை அனுப்பியது தென் பிரான்சிலிருந்த ஒரு கம்பனி. அக்கம்பனிக்கு அது சைப்பிரசு, ஒல்லாந்து ஆகிய நாடுகளின் வணிகர் கைமாறி வந்தது. விலங்கு வெட்டப்பட்டதோ உருமேனியாவில். அங்கிருந்து புறப்பட்டபொழுது குதிரையிறைச்சி என்றே குறிக்கப்பட்டிருந்தது. கைமாறும் வழியில் பெயர் மாறிற்று. பெயரோடு விலையும் மாறிற்று. 2019 ஆம் ஆண்டு பாரிசு நீதிமன்றம், ஒல்லாந்து வணிகரொருவரையும் பிரெஞ்சுக் கம்பனியின் முன்னாட் பணிப்பாளரொருவரையும் குற்றவாளிகளெனத் தீர்த்துத் தண்டனை விதித்தது.

குதிரையிறைச்சி சில நாடுகளில் உண்ணப்படுவதே. எனினும் இங்கு மூன்று தீங்குகள் நேர்ந்தன. ஒன்று, மலிவான பொருளை விலைகூடிய பொருளின் பெயரால் விற்றமை. இரண்டு, சமயத்தாலும் மனத்தாலும் விலக்கிய புலாலைப் பலர் அறியாது உண்ண நேர்ந்தமை. மூன்று, குதிரைகளுக்கு நோவு தணிக்கக் கொடுக்கும் பீனைல்பியூற்றசோன் என்னும் மருந்து மனித உணவினுட் புகக்கூடிய அபாயம். அம்மருந்து கொடுக்கப்பட்ட விலங்கு உணவுக்காக வெட்டப்படலாகாது என்பது ஐரோப்பிய விதி.

பிரித்தானிய அரசின் வேண்டுகோளின்படி பெல்பாஸ்டு குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் எலியட் இவற்றை ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டு தம் அறிக்கையை அளித்தார். அதன் பயனாக உணவு தொடர்பான குற்றங்களை ஆராயும் தனிப்பிரிவொன்று அங்கு அமைக்கப்பட்டது. பொதுமக்களிற் பலர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தனர். தம் ஊர் இறைச்சிக் கடைக்காரரிடம் சென்று, கண்முன்னே வெட்டியும் அரைத்தும் தரும் இறைச்சியை வாங்கலாயினர்.

இதிலிருந்து அறியவேண்டியது யாதெனில், கைகள் பெருகப் பெருகப் பொறுப்பு மங்கும் என்பதே. விற்பவரின் முகமும் விலங்கு வந்த இடமும் அறியப்படும்பொழுது ஏமாற்றுவது அரிது.

5. எது சிக்கனம்?

கணக்கு விளங்குதற்காகச் சில விலைகளை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவில் ஒரு லசானியாப் பெட்டி 3 பவுண் எனின், நால்வருக்கு 12 பவுண் ஆகும். அந்நான்கு பெட்டிகளிலும் உள்ள இறைச்சி 240 கிராம். அரைத்த நல்ல மாட்டிறைச்சி கிலோ 10 பவுண் எனின், 500 கிராம் 5 பவுணுக்குக் கிடைக்கும். மீதி 7 பவுணில் தக்காளி, வெங்காயம், கரட், பால், பாற்கட்டி, மா முதலியன வாங்கலாம். இறைச்சி இருமடங்குக்கு மேலாயிற்று. உப்பின் அளவும் சமைப்பவரின் கையில் இருக்கின்றது.

எதிர்க்கணக்கையும் மறைத்தலாகாது. வீட்டிற் சமைத்தற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமும் எரிபொருளும் செல்லும். ஒருவருக்காக மட்டும் சமைப்பின் இலாபம் குறையும். ஆகவே ஒரு நாளிற் கூடுதலாகச் சமைத்துப் பிரித்துவைப்பதே தனித்து வாழ்வோருக்கு ஏற்றது. இறைச்சிக்கு அதிகம் செலவிட இயலாதவர், நாள்தோறும் தாழ்ந்த தரத்ததை உண்பதிலும் வாரத்தில் இரண்டொரு நாள் நல்லதை உண்டு, ஏனைய நாட்களிற் பயறு, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றாற் புரதம் பெறுதல் நன்று.

6. நல்ல இறைச்சி பட்டியிலேயே தொடங்குகின்றது

இறைச்சியின் தரம் கடையில் உண்டாவதன்று. விலங்கை வளர்த்து வெட்டக் கொண்டுசெல்லும் முறையில் உண்டாவது. உயிருள்ள தசையிற் கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கும். வெட்டிய பின்னர் இது இலற்றிக்கமிலமாக மாறித் தசைக்குச் சிறிது புளிப்புத் தன்மையைக் கொடுக்கும். அப்புளிப்பே இறைச்சிக்கு நல்ல நிறத்தையும் பற்றீரியாவை எதிர்க்கும் ஆற்றலையும் தருகின்றது. விலங்கை நெடுந்தூரம் நடத்தியும், நெருக்கி ஏற்றியும், அடித்தும் பயமுறுத்தியும் கொண்டுசென்றால் கிளைக்கோசன் முன்னரே தீர்ந்துவிடும். அவ்வாறு தீர்ந்த விலங்கின் இறைச்சி கருஞ்சிவப்பாயும் இறுகியும் ஒட்டுந்தன்மை உடையதாயும் இருக்கும், விரைவிற் கெடும்.

எனவே விலங்கு விற்கும் கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க.

(அ) விலங்கை வெயில் தணிந்த வேளையில், நெருக்கமின்றி ஏற்றி அனுப்புக.

(ஆ) போதிய நீர் கொடுத்து, வெட்டுமுன் இளைப்பாற விடுமாறு கேட்டுக்கொள்க.

(இ) மிருக வைத்தியர் கொடுத்த மருந்தின் பெயரையும் நாளையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க. மருந்துக்குரிய விலக்குக்காலம் முடியுமுன் விலங்கையோ கோழியையோ முட்டையையோ பாலையோ விற்றலாகாது.

7. வாங்கும்பொழுது கவனிக்கவேண்டியவை

உரிமம் பெற்ற கடையில், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் முத்திரை உள்ள உடலிலிருந்து வெட்டிய இறைச்சியையே வாங்குக. அரைத்த இறைச்சி வேண்டுமெனின் முதலில் துண்டைத் தெரிந்து, பின்னர் அதனை அரைக்கச் செய்க.

மாட்டிறைச்சி வெட்டியவுடன் சற்று ஊதா கலந்த நிறமாயிருக்கும். காற்றுப்பட அரைமணி நேரத்துள் ஒளிமிக்க சிவப்பாகும். நெடுநேரம் இருப்பின் கபில நிறமாகும். ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு தீர்மானிக்காது, மணத்தையும் தொடுகையையும் நோக்குக. விரலால் அழுத்திய இடம் மீண்டு எழுதல் வேண்டும். மேற்பரப்பு வழுவழுப்பாயிருத்தல் ஆகாது. புல் மேய்ந்த மாட்டின் கொழுப்புச் சற்று மஞ்சளாயிருக்கும். இது புல்லிலுள்ள கரோற்றினால் வருவது, குற்றமன்று. ஆட்டின் கொழுப்பு வெண்மையாயிருத்தலே இயல்பு.

பனியுறைந்த கோழி வாங்குவோர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கோழியை நிறுத்து, ஒரு பாத்திரத்தின் மேல் வைத்த வடியில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியினுட் பனி கரையும்வரை வைக்க. பின்னர் மீண்டும் நிறுக்க. 1 கிலோ நிறையிருந்தது 900 கிராமாகக் குறைந்ததெனின், 1000 ரூபாவுக்கு வாங்கிய கோழியின் உண்மை விலை கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1111 ரூபாவாகும். இருவேறு கடைகளின் விலையை ஒப்பிடுதற்கு இதுவே சரியான வழி.

8. நல்லது என்பது விலைகூடியது அன்று

நல்ல இறைச்சி என்றவுடன் மிக விலைகூடிய பாகத்தையே வாங்கவேண்டுமென எண்ணற்க. முதுகுப்புறத் தசை அதிகம் வேலை செய்யாமையால் மென்மையானது; விலையும் கூடியது. கழுத்து, முன்னந்தொடை, கணைக்கால் ஆகியன நாளெல்லாம் உழைக்கும் தசைகள். அவற்றில் கொலாஜன் என்னும் இழை மிகுதி. கடுந்தீயில் விரைந்து சமைத்தால் அது சுருங்கி இறைச்சியை இறுகச் செய்யும். மெல்லிய தீயில், மூடிய சட்டியில், இரண்டு மணி நேரமளவில் நீரோடு வேகவைத்தால் ஜெலற்றினாக உருகிக் குழம்புக்குத் தடிப்பும் சுவையும் கொடுக்கும். ஆலையினர் மாப்பொருளாற் பெறும் தடிப்பை வீட்டிலே எலும்பும் நாரும் தாமே தருகின்றன.

ஊர்க்கோழியும் இவ்வாறானதே. அது புறொயிலர் கோழியிலும் வைரமானது. ஆனால் ஆறவேகவிடின் சுவை மிக்கது.

சமைக்கும் முறை: இறைச்சித் துண்டுகளின் ஈரத்தைத் துடைத்து, சூடான சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, சிறிது சிறிதாக இட்டுப் பழுப்பு நிறம் வரும்வரை வதக்குக. எல்லாவற்றையும் ஒருங்கே இட்டால் நீர் வெளிப்பட்டு இறைச்சி அவியுமேயன்றிப் பொரியாது. பின்னர் வெங்காயம், உள்ளி, இஞ்சி, தூள், கறுவா, இரம்பை சேர்த்து, நீர் விட்டு மூடி மெல்லிய தீயில் வைக்க. இறைச்சி மெதுவான பின் உருளைக்கிழங்கோ கரட்டோ போஞ்சியோ சேர்த்து இறக்குக. அரைக் கிலோ இறைச்சியும் அதே அளவு தோட்டத்துக் காய்கறியும் சேர்ந்தால் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வேளைக்குப் போதும்.

9. பேணிவைத்தல்

பச்சை இறைச்சியை வெப்பமான நம் நாட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தலாகாது. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையிற் பற்றீரியா விரைந்து பெருகும். சமைக்கும்பொழுது உட்பகுதியும் 70 பாகைக்கு மேல் சூடேறல் வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையையும் கத்தியையும் கழுவாது காய்கறி வெட்டுதல் கூடாது. குளிர்சாதனப் பெட்டி உடையோர் சமைத்த கறியை ஆழமில்லாத பாத்திரங்களிற் பிரித்து விரைவில் ஆறவைத்து, ஒரு வேளைக்குரிய அளவாகப் பனியுறையச் செய்யலாம். இதுவும் ஆயத்த உணவே. ஆனால் இதனுள் இருப்பது யாதென்பதைச் செய்தவர் அறிவார்.

10. விளைவிப்போருக்கு உரிய பாடம்

ஐரோப்பாவின் கேடு இறைச்சியில் நிகழ்ந்தது. அது அரிசியிலும் மிளகாய்த்தூளிலும் காய்கறியிலும் நிகழாதென்பதற்கு உறுதியில்லை. அரைத்ததும் கலந்ததும் பொதி செய்ததுமான எப்பொருளிலும் இடந்தெரியாது வந்த மலிவுப் பொருள் ஒளிந்துகொள்ளலாம். அவ்வாறு ஒளியும்பொழுது நட்டமடைவோர் இருவர். ஒருவர் காசு கொடுத்து ஏமாந்தவர். மற்றவர் நேர்மையாக நல்ல பொருள் விளைவித்து, போலியின் விலையோடு போட்டியிட முடியாது சந்தையிலிருந்து திரும்பும் கமக்காரர்.

ஆகவே தம் பொருள் எவ்வூரில், எவ்வாறு விளைந்ததென்று சொல்லி விற்கக்கூடிய கமக்காரர் அதனைச் சொல்லியே விற்பாராக. ஊர்ச் சந்தையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தரம் பிரித்து, சரியாக நிறுத்து, முகமறிந்து விற்கும் வழக்கம் பழையதாயினும் பயனற்றதன்று. பேரங்காடியின் ஒளிமிக்க பெட்டி தரமுடியாத உறுதியை அது தருகின்றது.

நினைவிற் கொள்க

1. படத்தை நோக்காது சேர்பொருள் வரிசையை நோக்குக. பெயரிலுள்ள பொருள் எத்தனை கிராம் என்று கணக்கிடுக.

2. உப்பின் அளவை முழுப் பெட்டிக்கும் கணக்கிடுக.

3. துண்டைக் கண்டபின் அரைக்கச் செய்க.

4. விலைகுறைந்த பாகத்தை வாங்கி மெல்லிய தீயில் நெடுநேரம் சமைக்க.

5. குறைந்த தடவை, ஆனால் நல்லதாக உண்க. ஏனைய நாட்களிற் பருப்பும் பயறும் போதும்.

6. விற்கும் விலங்கை வருத்தாது அனுப்புக; மருந்தின் விலக்குக்காலத்தைத் தவறாது காக்க.